நாற்பத்தெட்டுப் படி

படிவத்தோடு வந்த பெண்ணுக்கு என் மகள் வயசு.
ஸ்டான்லி ஆஸ்பத்திரியில், ஃபேன் ஓடாத மூலையில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டே கேட்டாள்:
போன நாலு வாரத்துல
மாடி ஏறும்போது மூச்சு வாங்குச்சாண்ணா?
எப்பவுமா, சில சமயமா, இல்லவே இல்லையா?

எந்த மாடிம்மா, என்றேன்.

இருபத்தோரு வருஷம் தண்டையார்பேட்டையில்
கேஸ் சிலிண்டர் போட்டவன்.
வினோபா நகரில் படிகள் குட்டை, கால் தடுக்கும்.
பட்டேல் நகரில் ஒரு வீட்டில்
பதினேழு படி ஏறி மூணு படி இறங்கணும்,
எவன் கட்டினானோ.
தோளில் முப்பது கிலோ இருக்கும்போது
மூச்சு வாங்குகிறதா என்று
ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லை.

சில சமயம், என்று அவளே டிக் அடித்தாள்.

தினமும் அரை மணி நடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.
கொருக்குப்பேட்டை கேட் வரை போவேன்.
கேட் மூடியிருந்தால் எனக்குச் சந்தோஷம்.
ஆட்டோ, ஸ்கூட்டி, மீன்கூடை, பள்ளிக்கூடப் பிள்ளைகள்
எல்லாரும் நிற்கிறார்கள், நானும் நிற்கிறேன்.
ஆயில் டேங்கர் வண்டி ஊர்ந்து போகிறது,
நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு.
இந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டியிருந்தவன்
நான் ஒருவன்தான் என்று
யாருக்கும் தெரியாமல்
நெஞ்சு அடங்கிவிடும்.

டீக்கடை பெஞ்சில் இடம் விடுகிறார்கள்,
பீடியைக் கீழே மறைக்கிறார்கள்.
நான் எழுந்து போனதும்தான் சிரிப்புச் சத்தம் வருகிறது.

தூக்கம் எப்படிண்ணா, என்றாள்.

தூக்கத்துக்கு என்ன, வருகிறது.
தேசம்மாவுக்குத்தான் வருவதில்லை.
மூணு மணிக்கு விழித்தால்
என் மூக்குக்குக் கீழே அவள் விரல்.
மூச்சு வருதா என்று பார்க்கிறாள்.
நான் கண்ணைத் திறப்பதில்லை,
கொஞ்சம் அழுத்தமாகவே மூச்சு விடுகிறேன்,
அவள் நிம்மதியாகப் படுக்கட்டும் என்று.
முன்பெல்லாம் அந்தக் கையைப் பிடித்து இழுப்பேன்.
இப்போது இரண்டு பேருக்கும் பயம்.
இதைக் கேட்க அந்தப் படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது,
அவள் வெட்கப்பட்டு அதைத் தாண்டிப் போனாள்.
நானும் நல்லவேளை என்று இருந்துவிட்டேன்.

கடைசிக் கேள்வி:
குடும்பத்துக்குப் பாரமா இருக்கோம்னு
தோணுதாண்ணா?

பாரமா.
முப்பது கிலோ தூக்கினவரை
அப்படி ஒன்றும் தோணவில்லை.

எங்கள் வீடு மூணாவது மாடி, நாற்பத்தெட்டுப் படி.
முப்பத்திரண்டாவது படித் திருப்பத்தில்
தேசம்மா ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவைத்தாள்.
வழியை அடைக்குது என்று எதிர்வீட்டில் சண்டைக்கு வந்தார்கள்.
இப்போது மாடி வீட்டு மாசமான பொண்ணு அதில்தான் உட்காருகிறாள்,
சண்டைக்கு வந்தவரும் காய்கறிப் பையை அதில்தான் வைக்கிறார்.

வியாழக்கிழமை எங்கள் வீட்டுக்கு சிலிண்டர் வந்தது.
என் லைனில் இப்போது ஜீவரத்தினம் என்று ஒரு பையன்.
கதவைத் திறந்துவைத்துக் காது கொடுத்தேன்.
பதினாறில் தோள் மாற்றினான், தப்பு,
சமதளம் வந்து மாற்றியிருக்கணும்.
இருபத்தெட்டில் கால் இழுத்தது.
முப்பத்திரண்டில் டங்கென்று இறக்கினான்.
நாற்காலி கிறீச்சிட்டது.

போகலாமா என்று தோன்றியது.
போகவில்லை.
உக்காருடா, அவசரமில்ல, என்று
மேலிருந்து குரல் மட்டும் கொடுத்தேன்.

வந்தவன் தலையைச் சொறிந்துகொண்டு முப்பது கேட்டான்.
நான் நாற்பது கேட்பேன் அந்தக் காலத்தில்.
ஐம்பது கொடுத்தேன்.
தேசம்மா முறைத்தாள்.

வாசலில் நின்றது சிலிண்டர், சிவப்பாய், குளிர்ந்து.
தூக்கக் கூடாது என்றுதான் டாக்டர் சொன்னார்,
உருட்டக் கூடாது என்று சொல்லவில்லை.
விளிம்பைப் பிடித்துக் கொஞ்சம் சாய்த்தேன்.
இரண்டு விரல் போதும், தெரிந்தவனுக்கு.
அடி வளையம் தரையில் கொர்ரென்று சுற்ற
ஹாலைத் தாண்டி அடுப்படி வரை
நடத்திக்கொண்டு போனேன்.

தேசம்மா வாயைத் திறந்தாள்,
மூடிக்கொண்டாள்,
வழியிலிருந்த பாயை மட்டும்
காலால் ஒதுக்கிவிட்டாள்.